இளையபெருமாளின் மூக்கு

செஞ்சி கூட்ரோட்டிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் தௌசீஃப் கடை வைத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. பெயர்ப் பலகை, கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி, கடை வாசலில் பதிக்கும் பித்தளை எழுத்து, எவர்சில்வர் எழுத்து எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் அவனுடைய பெருமை எழுத்தில் இல்லை, முகத்தில். ரேஷன் கார்டிலிருந்து பிய்த்தெடுத்த, பாதி முகத்தில் சீல் விழுந்த படத்தைக் கொடுத்தாலும் மூன்றடி உயரத்துக்கு ஆளை எழுப்பிவிடுவான். வாழ்நாளெல்லாம் முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டி நாற்று நட்டவருக்குக் கோட்டும் டையும் மாட்டுவான். பல்லில்லாத அம்மாவுக்குப் பல் வரும், பட்டுப்புடவை வரும், கேட்காமலே பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியும் வரும். சுற்றுவட்டாரத்தில் செத்தவர்களில் பாதிப்பேர் அவன் கடையில்தான் முதன்முதலாக அழகானார்கள். இதை அவனே சொல்லிக்கொள்வான். சொல்லும்போது அடக்கம் என்று ஒன்று இருப்பது அவனுக்கு ஞாபகம் வராது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், வல்லத்திலிருந்து வீரமணி தன் அம்மா பூவாயியை அழைத்துக்கொண்டு வந்தார். வீரமணி அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வல்லத்தில் புதுவீடு கட்டி முடிகிற நிலையில் இருந்தது. வைகாசியில் புதுமனை புகுவிழா.

"பாய், எங்க நைனா படம் ஒண்ணு வேணும். ஹால்ல மாட்டணும். பெருசா."

"குடுங்க சார்." தௌசீஃப் கையை நீட்டினான்.

"படம் இருந்தா ஒங்ககிட்ட எதுக்கு வரேன்?"

விஷயம் இதுதான். வீரமணியின் அப்பா இளையபெருமாள் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது வீரமணி வயிற்றில் ஏழு மாதம். நாற்பத்துமூன்று வருஷம் ஆயிற்று. ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத வாழ்க்கை. அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஊரில் வயதானவர்களைக் கேட்டால் "ஒசரமான ஆளு" என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் நினைவில்லை. அந்த முகத்தைத் தெரிந்தவர் என்று உலகத்தில் மிச்சமிருப்பது பூவாயி ஒருவர்தான்.

பூவாயி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க மாதிரிப் படங்கள். எல்லோரும் சிவப்பாக, செழிப்பாக, கூர்மையான மூக்கோடு இருந்தார்கள்.

"தம்பி, ஒங்க வூடுங்கள்ல போட்டோ மாட்ட மாட்டாங்கன்னு சொல்வாங்களே?" என்று திடீரென்று கேட்டார். "அப்ப செத்தவங்கள எப்டி ஞாபகம் வெச்சிப்பீங்க?"

"மனசுலதாம்மா" என்று தௌசீஃப் சிரித்தான். கடைக்கு வருகிற நூறு பேர் கேட்ட கேள்வி, நூறு பேருக்கும் சொன்ன பதில். அது உண்மைதானா என்று அவன் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

வேலை தொடங்கியது. புள்ள மூஞ்சியில் பாதி அப்பன் இருப்பான், மீதியை அம்மா சொன்னால் போதும் என்பது தௌசீஃபின் கணக்கு. வீரமணியைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் இருபது வயதைக் குறைத்தான். இப்போதெல்லாம் அதற்கு வசதி வந்துவிட்டது. நெற்றி அகலம் என்று சொன்னால் நெற்றி அகலமாகும், கன்னம் ஒட்டு என்றால் ஒட்டும். ஒரே நேரத்தில் நான்கு முகங்களை எடுத்து நீட்டும்.

"இவன் என்ன மாதிரிப்பா. அவுரு வேற" என்று பூவாயி முதலிலேயே சொல்லிவிட்டார்.

"செரிம்மா, மூக்கு எப்டி? இதே மூக்கா?"

வீரமணியின் மூக்கு சப்பையானது. பூவாயி மகனின் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சற்றுத் தயங்கினார்.

"இல்ல. நீளம். நீளமா, எடுப்பா இருக்கும்."

தௌசீஃப் வீரமணியின் மூக்கை அழித்துவிட்டு நீளமான ஒன்றை வைத்தான்.

அன்றைக்கு எட்டு முகம். "இது இல்ல" என்றார். அடுத்த வாரம் பன்னிரண்டு. காது கொஞ்சம் வெளியே நிற்கும் என்றார், புருவம் அடர்த்தி என்றார், பிறகு அவ்வளவு அடர்த்தி இல்லை என்றார். மூன்றாவது வாரம் அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் கூடிப்போனது. தௌசீஃபுக்கு வீம்பு ஏறியிருந்தது. செத்தவன் முகம் ஒன்று தன்னிடம் பிடிபடாமல் போவதாவது! நான்காவது முறை வந்தபோது முப்பத்தாறாவது முகத்தைக் காட்டினான். சினிமாவில் பண்ணையார் வீட்டு மூத்த மகனாக நடிக்கலாம், அப்படி ஒரு களை. வீரமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, இது நல்லா இருக்குதும்மா. இதயே போட்டுடலாம்."

பூவாயி வெகுநேரம் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"செரி" என்றார்.

தௌசீஃப் அந்தச் சொல்லை ஒப்புதலாக எடுத்துக்கொண்டான். மாதிரிக்கு ஒரு தாளில் அச்சடித்து, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சுருட்டிக் கொடுத்தனுப்பினான்.

அதே வாரத்தில்தான் மேல்சித்தாமூர் அப்பாண்டைராஜிடம் அவன் மானம் போனது. அப்பாண்டைராஜ் அந்த ஊர் ஜைனர், எல்லோருக்கும் நயினார். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்கிற அந்தப் பக்கத்தில் மல்லாட்டை எண்ணெய் மில் வைத்திருப்பவர். தௌசீஃபைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. வீட்டுப் பூஜைக்கு ஒன்று வேண்டும் என்று வாட்ஸப்பில் ஒரு கோட்டுப்படம் அனுப்பியிருந்தார். ஒரு சதுரக் கட்டம், மேலே மூன்று குடை, நடுவில் கைகளைத் தொங்கவிட்டு நிற்கிற ஒரு மனித உருவம். முக்காலடி உயரம், பித்தளைத் தகட்டில் உருவத்தை வெட்டிவிடு, அவ்வளவுதான் என்று போனில் சொன்னார்.

தௌசீஃப் வெட்டினான். பதினாறு வருஷமாக எப்படி வெட்டுவானோ அப்படி. எழுத்து வெட்டுகிற கடையில் எது சரக்கு, எது கழிவு என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எழுத்தை மெஷினிலிருந்து கையில் எடுப்பார்கள், ஓட்டை விழுந்த தகட்டை மூலையில் இருக்கும் கழிவு மூட்டையில் போடுவார்கள். அவனும் ஆளை எடுத்துக்கொண்டு தகட்டை மூட்டையில் போட்டான். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. கோட்டுப்படத்தில் ஆளுக்கு முகமே இல்லை. பாவம், வரைந்தவருக்கு முகம் வரவில்லை போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, கண், மூக்கு, மெல்லிய ஒரு சிரிப்பு எல்லாம் செதுக்கி, பளபளவென்று மெருகேற்றி வைத்தான்.

அப்பாண்டைராஜ் வந்து அதைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பாய் இது?"

"நீங்க கேட்ட உருவந்தான் நயினார்."

"கண்ணு மூக்கு யாரு வெக்கச் சொன்னது?"

"அதுக்குக் காசு இல்ல நயினார், நம்ம அன்பளிப்பு."

"தகடு எங்க?"

"கையில வெச்சிருக்கீங்களே."

"இத வெட்டி எடுத்தியே, அந்தத் தகடு!"

"அது வேஸ்ட்டாச்சே. மூட்டையில கெடக்குது."

அப்பாண்டைராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாமிய கழிவு மூட்டையில போட்டுட்டு, மிச்சத்துக்கு பாலிஷ் போட்டு நீட்றியே பாய்!"

இருவரும் சேர்ந்து மூட்டையைக் கொட்டினார்கள். அக்ரிலிக் துண்டு, எவர்சில்வர் சுருள், யார் யார் பெயரிலிருந்தோ விழுந்த எழுத்துக் குழிகள் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தகடு கிடந்தது. ஒரு மூலை மட்டும் லேசாக மடங்கியிருந்தது. அப்பாண்டைராஜ் அதை எடுத்துத் தோள்துண்டால் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஆள் வடிவத்தில் ஓட்டை. ஓட்டை வழியாகச் சாலை தெரிந்தது. மேல்மலையனூர் பஸ் ஒன்று அந்த ஆளின் ஒரு தோளில் நுழைந்து மறு தோள் வழியாகப் போயிற்று.

"இதான் வேணும்" என்றார்.

"ஓட்டையா நயினார்?"

"வீடுபேறு அடைஞ்சவரு பாய் இது. அவருக்கு ஒடம்பு கெடையாது. அதுக்காக இல்லாமப் பூட்டாருன்னும் அர்த்தம் இல்ல. இருக்காரு. கடைசியா இருந்த ஒடம்போட வடிவத்துல, அதுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்காருன்னு சொல்வாங்க. ஒடம்பே இல்லாதவருக்கு நாம பித்தளையில ஒடம்பு செஞ்சா பொய்யாயிடும் இல்ல? அதனால சுத்தி இருக்கறத மட்டும் செய்யறது."

"நடுவுல ஒண்ணுமே இல்லியே."

"ஒண்ணும் இல்லன்னா ஒனக்கு எப்டி ஆளு தெரியுது?" அப்பாண்டைராஜுக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. மில்லில் மல்லாட்டை காய்கிறது, அவருக்கு நேரமில்லை. மடங்கிய மூலையைத் தட்டி நேராக்கி வாங்கிக்கொண்டு கிளம்பினார். சிரிக்கிற பித்தளை ஆளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். "இவன நீயே வெச்சிக்க. இவன் யாருன்னு எனக்குத் தெரியாது."

மறுநாள் உச்சி வேளையில் பூவாயி தனியாக வந்தார். வல்லம் பஸ்ஸிலிருந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. தௌசீஃப் தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு, பையிலிருந்து சுருட்டிய தாளை எடுத்து, படம் உள்பக்கம் இருக்கும்படி மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, இத நீயே வெச்சிக்கப்பா."

"புடிக்கலியாம்மா? ஒண்ணும் பிரச்சன இல்ல, வேற—"

"வேற வேணாம்." கையை அவசரமாக ஆட்டினார். "இனிமே ஒண்ணும் காட்டாத."

பிறகு சொன்னார். நாற்பத்துமூன்று வருஷமாக இளையபெருமாள் அவருக்கு வந்துகொண்டுதான் இருந்தார். கூப்பிட வேண்டியதில்லை. மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது வருவார், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது வருவார். பூவாயிக்கு முடி நரைத்தது, அவருக்கு நரைக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது, புருஷன் முகம் பெண்டாட்டிக்குத் தெரிவது ஒரு சேதியா? ஆனால் இந்த நான்கு வாரத்தில், கம்ப்யூட்டரில் முகம் முகமாகப் பார்க்கப் பார்க்க, அது தேய்ந்துகொண்டே வந்தது. இந்தத் தாள் வீட்டுக்கு வந்ததிலிருந்து சுத்தமாக நின்றுவிட்டது.

"கண்ண மூடுனா ஒன் ஆளுதான் வர்றான். எம் ஆளு வரமாட்டேங்குறாரு."

தௌசீஃப் அந்தச் சுருளை எடுத்து மேஜைக்கு அடியில் தள்ளினான்.

"நாப்பத்திமூணு வருசம் பத்திரமா வெச்சிகினு இருந்தேன். நாலு வாரத்துல தொலச்சிட்டேன்" என்றார் பூவாயி. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, குரல் மாறவில்லை. "எம் புள்ளகிட்ட சொல்லிடாத. ஆசப்பட்டுக் கேட்டான். அதான் அன்னிக்கி செரின்னுட்டேன்."

தௌசீஃப் கம்ப்யூட்டரைத் திறந்து, அவர் கண்ணெதிரிலேயே முப்பத்தாறு முகங்களையும் அழித்தான்.

"அழிச்சிட்டேம்மா."

"அதுல அழிஞ்சிட்டான்." பூவாயி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இதுல?"

அவர் போனபிறகு தௌசீஃப் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தான். சுவரிலிருந்து கோட்டுப் போட்டவர்களும் பட்டுப்புடவைக்காரிகளும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களை மாட்டவைத்து, உண்மையில் இருந்தவர்களை எத்தனை வீட்டிலிருந்து துரத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவை, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அவன் வீட்டுச் சுவரில் சட்டம் போட்ட குர்ஆன் வசனம் ஒன்று மட்டும்தான் தொங்கும். அதற்கு எதிரே உட்கார்ந்து, மனசில்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம் என்று ஊருக்கெல்லாம் சொன்னதை அன்றைக்குச் சோதித்துப் பார்த்தான். அவன் அப்பா, அத்தா நூர் முகமது போய்ப் பதினொரு வருஷம். கண்ணை மூடி அத்தா என்று நினைத்தான். வந்தது, பீரோவில் இருக்கும் பாஸ்போர்ட் படம். ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்க எடுத்தது. பின்னால் நீலத் திரை, விறைத்த கழுத்து, பயந்த கண். வேறு எந்த முகத்தையும் கூப்பிட முடியவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"அம்மா, அத்தாவ நெனச்சா ஒனக்கு இன்னாமா வருது?"

அசீசுன்னிசா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "வாசல்ல செருப்ப ஒதறுற சத்தம். மூணு தடவ ஒதறுவாரு."

"மூஞ்சி?"

"சத்தம் வந்தா பின்னாடியே மூஞ்சியும் வந்துடும். சாப்புடு."

தௌசீஃப் மறுபடி கண்ணை மூடினான். இந்தத் தடவை முகத்தைத் தேடவில்லை. தகரப்பெட்டி செய்கிற அத்தா, அவனைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து சந்தைக்கு ஓட்டிப்போவார். அந்த முதுகு வந்தது. வேர்வையில் ஒட்டிய சட்டை, வலது தோளைவிடத் தாழ்ந்த இடது தோள், கை இடுக்கு வழியாகத் தெரியும் சாலை. கொஞ்ச நேரம் சைக்கிள் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அந்த முதுகு திரும்பி, "கால உள்ள வைடா, சக்கரத்துல மாட்டும்" என்று அதட்டியது. திரும்பிய முகம் பாஸ்போர்ட் படத்தில் இருந்தவர் இல்லை. அத்தா.

பாதிச் சோற்றில் எழுந்தவனை அம்மா திட்டினார். அவன் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலையில் காக்கித்தாள் சுருளும் கரித்துண்டுமாக வல்லத்துக்குப் போனான். வீரமணி டைல்ஸ் எடுக்க விழுப்புரம் போயிருந்தார். புதுவீட்டுக் கூடத்தில் பூவாயி சிமெண்டுத் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"யம்மா, மூஞ்சியப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டேன். எவ்ளோ ஒசரம், அத மட்டும் சொல்லுங்க."

பூவாயி யோசிக்கவே இல்லை. "எந் தல அவுரு தோள்பட்ட எலும்புல இடிக்கும்."

"எப்டி நிப்பாரு?"

துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவர் நின்று காட்டினார். இடது காலில் பாரம், வலது முழங்கால் கொஞ்சம் மடங்கியது. வலது புறங்கை இடுப்பில். இடது கை, ஊன்றிய மண்வெட்டியின் காம்புமேல். தலையில் துண்டு. அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் நின்ற இடத்தில் வேலைக்கு இடையே மூச்சு வாங்குகிற ஓர் இளவட்டம் நின்றது. நான்கு வாரமாக "இருக்கலாம்", "தெரியலப்பா" என்று தடுமாறியவர் இதில் எதற்கும் தடுமாறவில்லை.

தௌசீஃப் சுவரில் தாளை ஒட்டிக் கோடு இழுத்தான். "இடுப்பு இவ்ளோ இல்ல, வயிறு ஒட்டிப் போயிருக்கும்" என்று பூவாயி கரித்துண்டைப் பிடுங்கித் தானே இழுத்தார். காதை வெளியே தள்ளினார். துண்டு கட்டில் ஒரு நுனியை மேலே நிறுத்தினார். முழங்காலை மூன்று தடவை மாற்றினார். ஒரு மணி நேரத்தில் சுவரில் ஒரு கோடு நின்றது. உள்ளே வெறும் தாள்.

கடையில் எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றை மெஷினில் ஏற்றினான். கடைப் பலகைக்குப் போடுகிற ஷீட்தான், கருங்காலி மர நிறம். மெஷின் அந்தக் கோட்டில் மெதுவாகப் போய் வந்தது. வெட்டி முடிந்ததும் பழக்கத்தில் கை ஆளைத்தான் தூக்கப் போயிற்று. நிறுத்தினான். எதை வைத்துக்கொள்வது, எதை மூட்டையில் போடுவது என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு ஆளைச் சின்னச் சின்னதாக வெட்டி மூட்டையில் போட்டான். ஓட்டை விழுந்த ஷீட்டின் ஓரத்தை மட்டும் தேய்த்து வழவழப்பாக்கி, கடை நடுவில் நிறுத்தினான்.

புதுமனை புகுவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அம்மாவும் மகனும் வந்தார்கள். வீரமணி படத்தை வாங்கிப்போகத் துணியெல்லாம் எடுத்து வந்திருந்தார். ஷீட்டைப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். முன்னால் வந்தார்.

"இன்னா பாய் இது? நான் நைனா படம் கேட்டேன். நீங்க ஓட்டையக் குடுக்குறீங்க."

தௌசீஃப் சொல்லத் தொடங்கினான். மேல்சித்தாமூர் தகட்டைப் பற்றி, அத்தாவின் முதுகைப் பற்றி. அவன் வாய்க்கு அது ஒழுங்காக வரவில்லை.

"அதெல்லாம் செரி பாய். சொந்தக்காரங்க வருவாங்க, எங்க ஹெட்மாஸ்டர் வருவாரு. இது யாருன்னு கேட்டா இன்னான்னு சொல்றது? அந்தப் படத்துக்கு இன்னா ஆச்சு? எவ்ளோ நல்லா இருந்துச்சு அது!"

"அழிச்சிட்டேன் சார்."

"யாரக் கேட்டு அழிச்சீங்க?"

தௌசீஃப் பூவாயியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். சொல்லாதே என்று கேட்டிருந்தாரே. பழியைத் தானே வாங்கிக்கொண்டு நின்றான்.

வீரமணி கையிலிருந்த துணியை மேஜைமேல் போட்டார். "பாய், அம்மாவுக்காவது ஒரு மூஞ்சி தெரியும். கண்ண மூடுனா இருக்கும். எனக்கு எதுவுமே இல்ல. நாப்பத்திமூணு வயசு ஆவுது, எங்க நைனான்னு காட்ட எனக்கு ஒரு மூஞ்சி வேணும். அது தப்பா?"

தப்பில்லை. தௌசீஃப் அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டியதை மட்டும் நினைத்து வெட்டியிருந்தான். மகனுக்கு எதுவும் கொடுக்க முடியாது என்பதை அவன் யோசிக்கவே இல்லை.

இருவரும் பேச்சை நிறுத்தியபோதுதான் பூவாயி ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார்கள். அவர் ஷீட்டுக்கு எதிரே, இரண்டடி தள்ளி நின்றிருந்தார். ஓட்டை வழியாகச் சாலை தெரிந்தது, எதிர்க்கடைத் தகரக்கூரை, அதற்கு மேலே ராஜகிரிக் கோட்டை மலை. பூவாயி இவை எதையும் பார்க்கவில்லை. கழுத்தை ஓர் அளவுக்கு நிமிர்த்தி, துண்டு கட்டுக்குக் கீழே, காதுகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் கண்ணை வைத்திருந்தார். அந்த அளவு அவர் கழுத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. முந்தானையை இழுத்துத் தோளில் சரிசெய்துகொண்டார். கண்ணை மூடினார். 

பிறகு கண்ணைத் திறந்து, சாதாரணமாக, உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்கிற குரலில் சொன்னார்:

"மூக்கு நீளம் இல்லப்பா."

"இன்னாம்மா?" என்றார் வீரமணி.

"நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன். இங்க சொவுத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் நீளமா இருந்துது. இவுருக்கு மட்டும் கொறச்சலா இருக்கணுமான்னு பாத்தேன்." பூவாயி ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதட்டில் சிரிப்பு போல ஒன்று இருந்தது. "சப்ப மூக்குதான். நுனி அகலமா இருக்கும். சிரிச்சா இன்னும் அகலமாவும்."

வீரமணியின் கை மெல்ல மேலே போய்த் தன் மூக்கைத் தொட்டது.

தௌசீஃபின் கையும் போயிற்று, மேஜைமேல் இருந்த பென்சிலுக்கு. இவர்கள் முதன்முறை வந்த அன்று கம்ப்யூட்டரில் தானே அழித்த மூக்கு அது. எடுத்த பென்சிலைத் திரும்ப வைத்துவிட்டான்.

வீரமணி அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவரும் நிமிர்ந்து அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். விரல் இன்னும் மூக்கின்மேல்தான் இருந்தது.

"வேற இன்னாமா?" என்று கேட்டார். "நைனா மூஞ்சியில வேற இன்னா இருந்துச்சு?"

பூவாயி சொல்ல ஆரம்பித்தார். இவ்வளவு நாள் மகன் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சிரிக்கும்போது ஒரு கண் சின்னதாகும் என்றார். வலது காதுக்குக் கீழே மச்சம் என்றார். பெரும்பாலும் தௌசீஃபின் காதில் விழாத அளவுக்குத் தாழ்ந்த குரலில் பேசினார். அவனும் கேட்க முயலவில்லை. சுவரில் இருந்த மாதிரிப் படம் ஒன்று கோணலாகத் தொங்கியது. அதை நேராக்கப் போனவன், நேராக்காமல் கழற்றிக் கீழே வைத்தான்.

வெகுநேரம் கழித்து வீரமணி திரும்பினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இத சொவுத்துல ஒட்டுனா பின்னாடி சொவுருதான் தெரியும். கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்தணும். எப்ப வந்து மாட்டிக் குடுப்பீங்க பாய்?"